எஞ்சின் ஏன் நின்றது?

கன்னியாகுமரி மாவட்டத்தின் வடக்கே மலை, தெற்கே கடல். மலைச் சரிவில் குலசேகரம், திற்பரப்பு, கீரிப்பாறை முதலிய ஊர்களைச் சூழ ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. கடற்கரையில், மேற்கே நீரோடியிலிருந்து கிழக்கே ஆரோக்கியபுரம் வரை நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவர் ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. தோட்டத்தில் பால் வற்றிய மரத்தை அறுப்பது, செயின்சா என்று கடைகளில் வழங்கும் சங்கிலி வாள். கடலில் வள்ளத்தைச் செலுத்துவது, அதன் பின்புறத்தில் மாட்டப்படும் அவுட்போர்டு எஞ்சின். ஒன்று மரத்தை அறுக்கிறது. மற்றொன்று நீரைத் தள்ளுகிறது. ஆயினும் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டினுள்ளும் இருப்பது ஒரே வகை எஞ்சின்தான். இருவீச்சு எஞ்சின் என்பது அதன் பெயர்.

இந்தச் சிறு எஞ்சின் ஓடாது நின்றுவிட்டால் என்ன நேரும்? தோட்டத்தில் நின்றால் ஒரு நாள் வேலை கெடும். கடலில் நின்றால் கதை வேறு. ஆனி, ஆடி மாதங்களில், கரைக்கு அருகே அலை முறியும் இடத்தை வள்ளம் தாண்டும் வேளையில் எஞ்சின் நின்றால், வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். குறுக்கே திரும்பிய வள்ளத்தை அடுத்த அலை கவிழ்த்துவிடக் கூடும். ஆகவே, எஞ்சின் ஏன் நிற்கிறது என்னும் வினா இம்மாவட்டத்தில் வெறும் பாடநூல் வினா அன்று. அதற்கு விடை காணும் முறையைத்தான் இன்று ஆராயப் போகிறோம்.

முதலில் எஞ்சின் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வோம். இதில் ஓர் உருளை உண்டு. அதனுள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் ஒன்று உண்டு. பிஸ்டன் மேலே ஏறும்போது, தனக்கு மேலுள்ள பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவையை அமுக்குகிறது. அதே வேளையில், தனக்குக் கீழே உள்ள அறைக்குள் புதிய கலவையை இழுத்துக்கொள்கிறது. உச்சியை நெருங்கியதும் ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி பிறக்கிறது, கலவை எரிகிறது, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. கீழே இறங்கும்போது புகை வெளியேறும் வழி திறக்கிறது. அடுத்து, கீழறையில் காத்திருந்த புதுக் கலவை மேலே பாய்கிறது. ஏறுவது ஒரு வீச்சு, இறங்குவது ஒரு வீச்சு. இரண்டே வீச்சில் ஒரு வட்டம் முடிந்துவிடுகிறது. இங்கிலாந்தில் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே என்பவர் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய அமைப்பு இது. வால்வுகள் இல்லாமையால் எடை குறைவு, உறுப்புகளும் குறைவு.

இந்த அமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. கலவை கீழறை வழியாகச் செல்வதால், அங்கே தனியாக எண்ணெய் ஊற்றி வைக்க இயலாது. எனவே எண்ணெயைப் பெட்ரோலுடனேயே கலந்துவிடுகிறார்கள். இக்காலத்து எஞ்சின்கள் பலவற்றுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய், அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். பழைய எஞ்சின்கள் சிலவற்றுக்கு 25-க்கு ஒன்று, அதாவது 40 மில்லிலிட்டர். எந்த அளவு என்பதை அவ்வவ் எஞ்சினின் கையேடே சொல்ல வேண்டும். இதிலிருந்து பெறப்படும் உண்மையை மனத்தில் இருத்துங்கள்: இருவீச்சு எஞ்சினுக்கு எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. பட்டினியும் தாகமும் ஒருங்கே வந்துவிடுகின்றன.

எடை குறைந்த எஞ்சின் மனிதன் தூக்கிச் செல்லும் கருவிகளுக்கு ஏற்றதாயிற்று. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் 1909-இல் படகின் பின்புறத்தில் மாட்டும் எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் ஸ்டில் 1929-இல் பெட்ரோலால் இயங்கும் சங்கிலி வாளைச் செய்தார். அது 46 கிலோகிராம் எடையுள்ளது. இருவர் பிடித்தே அறுக்க வேண்டியிருந்தது. இன்று ஒருவரே தூக்கும் வாள் ஐந்தாறு கிலோகிராம்தான்.

நம் கடற்கரைக்கு இத்தகைய எஞ்சின் ஏன் பொருந்தியது என்பதும் அறியத்தக்கது. 1953-இல் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் இந்திய - நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது. நாட்டு வள்ளங்களுக்குள்ளேயே எஞ்சினைப் பொருத்திப் பார்த்தார்கள். அது நன்கு பயன்படவில்லை. துறைமுகம் இல்லாத கரையில் வள்ளம் அலையைத் தாண்டி மணலில் ஏற வேண்டும். அடிப்புறத்தில் நீண்டிருக்கும் சுழலியோ மணலில் இடிபடும். வெளியே மாட்டும் எஞ்சினை, கரை நெருங்கியதும் மேலே சாய்த்துவிடலாம். கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்கும் கொண்டுபோகலாம். முட்டத்தில், பெல்ஜிய நாட்டவரான பியர் ஜில்லே உள்ளூர்த் தொழிலாளருடன் சேர்ந்து, கரையேறத்தக்க ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். அந்த அனுபவத்தை எழுதி 1985-இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்புக்குச் ‘சிறியது கடினம்’ என்று பொருள். 1980-இல் அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, எஞ்சின்களை வாங்கித் தருவதோடு அவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது. வாங்குவதை விடக் காப்பது கடினம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இனி, நின்றுபோன எஞ்சினிடம் வருவோம்.

எஞ்சின் காரணமின்றி நிற்பதில்லை. அது ஓடுவதற்கு மூன்று பொருள்கள் தேவை: சரியான கலவை, போதிய அமுக்கம், வேளை தவறாத தீப்பொறி. மூன்றும் இருந்தால் அது பெரும்பாலும் ஓடும். நின்றுவிட்டால், இம்மூன்றில் ஏதோ ஒன்று இல்லை என்று கொள்ளலாம். எது இல்லை என்று கண்டுபிடிப்பதே நம் வேலை. அதற்கு ஊகம் உதவாது, வரிசை உதவும்.

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் கண்ணால் பாருங்கள். நிறுத்தும் விசை எந்தப் பக்கம் இருக்கிறது? வள்ளத்து எஞ்சினில், ஓட்டுபவர் கையில் கட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கயிறு இடத்தில் மாட்டியிருக்கிறதா? தொட்டியில் எரிபொருள் உண்டா? அதன் குழாய்த் திருகு திறந்திருக்கிறதா? பிளக்கின் மேல் தொப்பி கழன்றிருக்கிறதா? அற்பமான கேள்விகள் என்று எண்ணாதீர்கள். ஒரு காசும் செலவில்லாத சோதனையை முதலில் செய்வதே அறிவுடைமை.

அடுத்தது தீப்பொறி. பிளக்கைக் கழற்றி, மீண்டும் அதன் தொப்பியில் மாட்டி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினின் உலோகத்தைத் தொடுமாறு வையுங்கள். வெறுங்கையால் பிடிக்காமல், உறையிட்ட குறட்டால் பிடியுங்கள். பிளக் கழன்ற துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிடும். ஆதலால் பிளக்கைத் துளைக்குத் தொலைவில் வைத்து, துளையைத் துணியால் மூடி, அருகில் திறந்த எரிபொருள் இல்லாதவாறு பார்த்துக்கொண்ட பிறகே கயிற்றை இழுக்க வேண்டும். நிழலில் பார்த்தால் நீல நிறத் தீப்பொறி தெரியும். தெரியாவிட்டால் வேறொரு நல்ல பிளக்கை மாட்டிப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் குற்றம் மின்சுருளிலோ கம்பியிலோ இருக்கிறது. இச்சிறு எஞ்சின்கள் பலவற்றில் பாட்டரி கிடையாது. சுழலும் சக்கரத்தில் பதித்த காந்தம் மின்சுருளைக் கடந்து செல்லும்போது மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. பரீட்சைக்காக நீங்கள் படிக்கும் அந்தப் பாடம், நிமிடத்துக்கு 9,000 முறை சுழலும் வாளில் வினாடிக்கு 150 தீப்பொறிகளாக வேலை செய்கிறது. காந்தத்துக்கும் சுருளுக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளியில் உப்புத் துரு ஏறினால், அந்த 150-உம் இல்லாமல் போகும்.

தீப்பொறி நன்றாக இருந்தால், கழற்றிய பிளக்கையே உற்றுப் பாருங்கள். நம் ஊரில் நாடி பார்க்கும் வைத்தியர் உண்டு. எஞ்சினுக்கு நாடி பிளக். அதன் முனை இளம் பழுப்பாக இருந்தால் எரிதல் ஒழுங்காக நடக்கிறது. காய்ந்த கரி படிந்திருந்தால் காற்றுக் குறைவு, அல்லது எரிபொருள் மிகுதி. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் எண்ணெயின் அளவு மிகுந்திருக்கலாம். வெளுத்து வறண்டிருந்தால் எரிபொருள் குறைவு, காற்று மிகுதி. இதுவே மிக ஆபத்தானது. எரிபொருளோடு எண்ணெயும் குறைவதால் பிஸ்டன் சூடேறி உருளையோடு ஒட்டிக்கொள்ளும். சத்தம் கம்பீரமாக வர வேண்டும் என்று கார்புரேட்டர் திருகை இஷ்டம்போல் திருகுவோர் இந்த அபாயத்தைத்தான் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

பல முறை கயிற்றை இழுத்த பின்னும் பிளக் ஈரமின்றி இருந்தால், கலவை வந்து சேரவில்லை என்று பொருள். தொட்டியிலிருந்து கார்புரேட்டர் வரை வழியைப் படிப்படியாகச் சோதியுங்கள்: தொட்டிக்குள் இருக்கும் வடிகட்டி, குழாய், குழாய் இணைப்பு, பிறகு கார்புரேட்டர். பிளக் நனைந்து சொட்டினால் வெள்ளம் ஏறிவிட்டது. நிறுத்தும் விசையை நிறுத்து நிலையில் வைத்து, பிளக்கைக் கழற்றி, சோக்கை விலக்கி, விசைப்பிடியை முழுதும் திறந்து, சில முறை கயிற்றை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். பிளக்கைத் துடைத்து மாட்டிய பின் முயலலாம்.

எரிபொருளே கெட்டிருக்கவும் கூடும். இன்று நாம் வாங்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. மாதக்கணக்கில் கிடந்தால் நீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். கடலில் தெறிக்கும் திவலைகள் மண்ணெண்ணெய்க் கேனில் புகுந்தாலும் நீர் அடியில்தான் தங்கும். ஏனெனில் நீர் கனமானது. சிறிது எரிபொருளைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து அரைமணி நேரம் அசையாது வையுங்கள். அடியில் வேறொரு படலம் தெரிந்தால் நோய் வெளிப்பட்டுவிட்டது.

மண்ணெண்ணெய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வள்ளத்து எஞ்சின்களில் பல, பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. காரணம் என்ன? பெட்ரோல் கடுங்குளிரிலும் தீப்பற்றும் ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கோ 35 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூடு தேவை. எனவே எஞ்சின் சூடேறும் வரை பெட்ரோல், பிறகு மண்ணெண்ணெய். கரைக்கு வந்து நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். அப்படி மாற்றாவிடில், கார்புரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெய் மறுநாள் விடியலில் எஞ்சினைக் கிளம்பவிடாது. மண்ணெண்ணெய் பிளக்கில் கரியையும் மிகுதியாகப் படியச் செய்யும். ஆகையால், மாற்றுப் பிளக் இல்லாமல் கடலுக்குச் செல்வது தகாது.

தீப்பொறியும் உண்டு, கலவையும் உண்டு, இருந்தும் எஞ்சின் கிளம்பவில்லை என்றால் அமுக்கத்தைச் சோதியுங்கள். பிளக் மாட்டிய நிலையில் கயிற்றை மெல்ல இழுத்தால், ஓரிடத்தில் அது கையை எதிர்த்து நிற்க வேண்டும். எதிர்ப்பின்றி வழுக்கி வந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். உருளையில் கீறல் விழுந்திருக்கலாம். இது கரையிலோ தோட்டத்திலோ தீரும் குறையன்று. பட்டறைக்கே கொண்டுபோக வேண்டும். எதை நாமே செய்யலாம், எதை வல்லவரிடம் விடலாம் என்று பிரித்தறிவதும் இக்கலையின் ஒரு பகுதி.

சில நோய்கள் நம்மை ஏமாற்றும் வேடத்தில் வரும். மூன்றை மட்டும் காண்போம்.

எஞ்சின் நன்றாகக் கிளம்புகிறது. பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. சிறிது நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது. பலர் உடனே கார்புரேட்டரைப் பிரிப்பார்கள். முதலில் தொட்டி மூடியிலுள்ள காற்றுத் துளையைப் பாருங்கள். எரிபொருள் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே புக வேண்டும். துளை அடைபட்டால் தொட்டிக்குள் காற்றழுத்தம் குறைந்து எரிபொருள் வர மறுக்கும். வள்ளத்து எஞ்சினில், குழாயின் நடுவே உள்ள ரப்பர்க் குமிழ் சூம்பிப்போயிருப்பது இதற்கு அடையாளம். மூடியைச் சற்றுத் திறந்தவுடன் எஞ்சின் ஓடினால் காரணம் உறுதியாயிற்று.

எஞ்சின் உரக்க ஓடுகிறது, வள்ளம் நகரவில்லை. இங்கே எஞ்சினில் குறையே இல்லை. சுழலி பாறையிலோ வலையிலோ மோதும்போது எஞ்சினைக் காப்பதற்காகவே சில வகைகளில் மெல்லிய ஊசி ஒன்றை வைத்திருக்கிறார்கள். வேறு சிலவற்றில் ரப்பர் உறை இருக்கும். அது அறுந்திருக்கிறது. தான் முறிந்து பெரிய உறுப்பைக் காப்பாற்றிய ஊசி அது. அதற்குப் பதிலாக இரும்பு ஆணியை அடித்து வைத்தால், அடுத்த மோதலில் பற்சக்கரமே உடையும். இதைப் போலவே, சங்கிலி வாள் ஓடுகிறது, மரம் அறுபடவில்லை என்றால் விழும் தூளைப் பாருங்கள். கூரிய சங்கிலி சீவல்களை உதிர்க்கும். மழுங்கிய சங்கிலி மாவைப் போன்ற தூளை உதிர்க்கும். மழுங்கிய சங்கிலியை அழுத்தி அறுப்பவர் எஞ்சினையும் கெடுக்கிறார். தம் கையையும் ஆபத்துக்கு உள்ளாக்குகிறார்.

எஞ்சின் ஓடுகிறது; வரவரப் பலம் குறைகிறது. வாளாயின் காற்று வடிகட்டியைப் பாருங்கள். மரத்தூளும் ரப்பர்ப் பாலின் பிசுக்கும் அடைத்திருக்கும். புகைக்குழாயின் வலையில் கரி அடைத்திருந்தாலும் இதே நிலைதான். வள்ளத்து எஞ்சினாயின், பின்புறம் பீய்ச்சும் குளிர்ச்சி நீரைப் பாருங்கள். அது மெலிந்தால் நீர் புகும் வழியை மணலோ பாசியோ அடைத்திருக்கலாம். நீரை ஏற்றும் ரப்பர் இறக்கை தேய்ந்திருக்கலாம். உடனே நிறுத்தாவிட்டால் எஞ்சின் வெந்துவிடும்.

இனி இம்முறையின் உயிர்நாடியைச் சொல்கிறேன். ஒரு வேளையில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். பிளக்கை மாற்றி, வடிகட்டியைக் கழுவி, திருகையும் திருகி, பிறகு கயிற்றை இழுத்தால் எஞ்சின் ஓடக் கூடும். ஆனால், எதனால் ஓடியது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த முறை நின்றால் மறுபடியும் இருட்டிலேயே துழாவ வேண்டும். ஒன்றை மாற்றி, சோதித்து, குறிப்பேட்டில் எழுதி, பிறகு அடுத்ததை மாற்றுபவர் ஒவ்வொரு பழுதிலும் ஒரு பாடம் பெறுகிறார். ஆய்வுக்கூடத்தில் உங்கள் ஆசிரியர் ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பிறவற்றை மாறாமல் வைக்கச் சொல்வது இதற்காகவே.

பழுது வந்தபின் பார்ப்பதை விட வராமல் காப்பது மேல். கடலிலிருந்து வந்ததும் எஞ்சினின் நீர்வழியில் நன்னீரைச் செலுத்தி உப்பைக் கழுவ வேண்டும். நெடுநாள் கிடக்கப்போகும் வாளின் தொட்டியைக் காலியாக்கி, கார்புரேட்டரில் உள்ளது தீரும் வரை ஓட்டி நிறுத்த வேண்டும். 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கி புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியபோது ரப்பர் மரங்கள் பெருந்தொகையாகச் சாய்ந்தன. சாலைகளை மரங்கள் அடைத்தன. அத்தகைய நாளில் வாள் உடனே வேண்டும். பழைய பெட்ரோல் பிசினாக உறைந்து கிடக்கும் வாள், புயலின் மறுநாள் நமக்காகக் கிளம்பாது. சங்கிலியைத் தொடும் முன் எஞ்சினை நிறுத்தி, பிளக் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

மாணவ நண்பர்களே, உங்களில் பலருடைய வீட்டில் இத்தகைய எஞ்சின் இருக்கும். சிலர் நாகர்கோவில் கோணத்திலுள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்துக்கும், சிலர் பொறியியல் கல்லூரிக்கும் செல்லக் கூடும். வேறு சிலர் வரலாறோ இலக்கியமோ படிக்கலாம். எதைப் படித்தாலும், விடுமுறை நாளில் தந்தையோ மாமாவோ எஞ்சினைப் பிரிக்கும்போது அருகில் அமர்ந்து, மூன்று தேவைகளில் எது குறைந்தது என்று கேளுங்கள். வள்ளத்தில் நீர் புகாத ஒரு டப்பாவைத் தேடி, அதில் இரண்டு பிளக், பிளக் கழற்றும் சாவி, சுழலி ஊசி, குறடு, உலர்ந்த துணி ஆகியவற்றை வைத்துக் கொடுங்கள். அவை கைக்குள் அடங்கும் சிறு பொருள்களே. கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எஞ்சின் நிற்கும்போதுதான் அவற்றின் மதிப்பு விளங்கும்.